டிரைவ் பத்திரமா இருக்குமா?

"அண்ணா, இந்த டிரைவ் பத்திரமா இருக்கும்ல?" என்றுதான் வீடியோ எடிட் செய்யும் நண்பர் கேட்டார். "மூணு சிஸ்டத்திலயும் திறக்கும்ப்பா" என்றேன். கேட்டது ஒன்று, சொன்னது வேறு. அப்போது இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை.

டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள் பல உண்டு; அதில் எக்ஸ்ஃபேட்டைப் போடச் சொன்னேன். அந்த யோசனையில் குறை இருந்ததாக இன்றும் நினைக்கவில்லை. அவர் எடிட் செய்வது மேக்கில், சரிபார்ப்பது விண்டோஸில், ரெண்டர் ஓடுவது லினக்ஸில். விண்டோஸின் முறையான என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும்; அதில் எழுத தனி மென்பொருள் வேண்டும். மேக்கின் முறையான ஏபிஎஃப்எஸ் டிரைவைச் செருகினால் விண்டோஸால் படிக்க முடியாது, ஃபார்மட் செய்யச் சொல்லவும் கூடும். யாராவது அவசரத்தில் சரி கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பழைய முறையான ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அவருடைய ஃபைல்களோ அதைவிடப் பெரியவை. மிஞ்சுவது எக்ஸ்ஃபேட். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரங்களைப் பொதுவில் வைத்த பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே அது வந்துவிட்டது. வேறு எதைச் சொல்லியிருப்பேன்?

அப்புறம் ஒரு நாள் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிள் கழன்றுவிட்டது. மறுபடி செருகியபோது டிரைவின் விளக்கு சிமிட்டியது, மேக்கின் திரையில் மட்டும் டிரைவைக் காணோம். பின்னணியில் மேக் அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் காத்திருந்தும் பலனில்லாமல் விண்டோஸில் டிரைவைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க்கை ஓட்டினோம். ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டர் முளைத்தது. உள்ளே செக்டிஸ்க் மீட்டெடுத்த, பெயர் தொலைந்த சிஎச்கே ஃபைல்கள். ஒன்றை எம்பி4 என்று பெயர் மாற்றித் திறந்து பார்த்தார். ஓடவில்லை.

என்டிஎஃப்எஸ் தன் கட்டமைப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஜர்னல் என்ற பதிவேட்டில் குறித்துக்கொண்டு செய்வதால், வேலை பாதியில் நின்றாலும் டிரைவின் கட்டமைப்பை மீட்டுக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையைக்கூட ஃபேட்32 இரண்டு பிரதி வைத்திருக்கும், எக்ஸ்ஃபேட் வழக்கமாக ஒன்றுதான். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். சொல்லியிருந்தாலும் அவர் அதையேதான் போட்டிருப்பார், வேறு வழியில்லை. ஜர்னல் இருந்திருந்தாலும் பாதி காப்பியான ஃபைல் போயிருக்கும்.

ஆனால் போனது அந்த ஒரு ஃபைல் மட்டுமில்லையே. என்றோ காப்பி செய்து முடித்த ஃபோல்டரும் சேர்ந்து போனது. முன்பே தெரிந்திருந்தால் அதற்கு இன்னொரு பிரதி எடுத்து வைத்திருப்பாரோ என்னவோ. பிரதி எடுங்கள் என்று எல்லாரும்தான் சொல்கிறோம், எத்தனை பேர் எடுக்கிறார்கள்? இப்படிக் கேட்டு மனதைத் தேற்றிக்கொள்கிறேன். அந்தத் தேறுதல் நிற்பதில்லை.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்: ஜர்னல் இல்லை, எஜெக்ட் செய்யாமல் எடுக்காதீர்கள், முக்கியமானதற்கு வேறொரு டிரைவிலும் பிரதி வையுங்கள். சமீபத்தில் ஒருவர் இதைக் கேட்டே பயந்து என்டிஎஃப்எஸ் போட்டுக்கொண்டு போனார். மேக்கில் எழுத முடியவில்லை என்று மறுநாளே திரும்பி வந்தார். அவருக்கும் எக்ஸ்ஃபேட்தான் போட்டுக் கொடுத்தேன்.