கல்லோயாவின் கடைசி வயல் வரை

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அம்பாறை வரை பஸ்ஸில் குறையொன்றும் இல்லை. ஆனால் அங்கிருந்து இங்கினியாகலைக்குப் போய்வர ஓட்டோக்காரர் 7000 ரூபா கேட்டதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை. பேரம் பேசி 5500 ரூபாவுக்கு இறங்கிய பின்னும் அது அநியாயக் கூலியே; பகலுணவு தேநீரும் பணிஸுமாகச் சுருங்கிற்று.

எனினும், அங்கே கல்லோயா ஆற்றை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தைக் கண்டதும் கோபம் தணிந்தது. ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே சபையிடம் ஒப்படைக்கும் எண்ணம் அமெரிக்காவின் டெனசி ஆற்றில் 1933இல் தொடங்கி, 1948இல் இந்தியாவின் தாமோதருக்கும், 1949இல் நாம் பட்டிப்பளை ஆறு என்றழைக்கும் கல்லோயாவுக்கும் வந்தது. தாமோதரில் வெள்ளத் தடுப்பும் மின்சாரமும் முன்னின்றன. இங்கோ வெளியிடங்களிலிருந்து சிங்களக் குடும்பங்கள் பெருமளவில் குடியேற்றப்பட்டன. 1956 ஜூனில் தமிழர்மீது வன்முறை வெடித்ததும் இப்பள்ளத்தாக்கில்தான். நீர் முதலில் வந்துசேரும் வாய்க்காலின் தலைப்பில் குடியேறியோரும், அதன் கடைசிப் பகுதியில் தமிழ், முஸ்லிம் விவசாயிகளும் பெரும்பாலும் இருந்தமையால், தண்ணீர்த் தட்டுப்பாடு இங்கே வெறும் பாசனச் சிக்கலாக இருக்கவில்லை.

அணையைவிட என்னைக் கவர்ந்தது, திரும்பும் வழியில் இறங்கி நடந்த இடதுகரை வாய்க்கால். பிலிப்பைன்ஸின் பாசன நிர்வாகம் 1970களில் அமைப்பாளர்களை ஊர்களுக்கு அனுப்பி விவசாயிகளைத் திரட்டியது. அதையொத்த முறையை 1980களின் தொடக்கத்தில் கோர்னெல் பல்கலைக்கழகமும் கொழும்பின் கமநல ஆராய்ச்சி நிறுவனமும் இங்கே செயற்படுத்தியபோது, விவசாயிகள் சங்கத்தின் யாப்பு விதிகளையும் பதிவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, ஒரே வயல் வாய்க்காலில் நீர் பாய்ச்சும் சிலரை மட்டும் முதலில் கூட்டி, ஆண்டுக்கணக்கில் தூர்ந்துகிடந்த வாய்க்காலைச் சிரமதானமாக வெட்டித் துப்புரவாக்க வைத்தார்கள். தலைப்பு வயற்காரர் நீரை மிச்சம்பிடித்துக் கீழ் வயல்களுக்கு விட்டார்கள் என்பதை, 1956இன் நினைவோடு அந்தக் கரையில் நின்று எண்ணியபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆந்திரப் பிரதேசமோ 1997இல் சட்டம் இயற்றித் தேர்தல் நடத்தி, மேலிருந்தே சங்கங்களை உருவாக்கியது. அந்த அவசரம் எனக்கு ஏற்புடையதன்று.

கரையில் சந்தித்த வயதான விவசாயி ஒருவர், நீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கும் ஆரம்பக் கூட்டத்துக்கு வரும்படி அழைத்தார். "வந்து பாருங்க தம்பி, அங்கதான் எல்லாச் சண்டையும் தீரும்" என்றார். கையில் காசு சேர்ந்தால் அடுத்த போகத்துக்கு முன் கட்டாயம் போவேன், பஸ்ஸிலேயே.