அலெக்சாண்டிரியா: டாக்ஸிக்காரரும் கழுதையும்

முதலில் டாக்ஸி கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் தீராது. எகிப்தின் இந்தத் துறைமுக நகரில், ரயில் நிலையத்திலிருந்து காயித்பே கோட்டைக்கு 100 எகிப்து பவுண்ட் என்று பேசித்தான் ஏறினோம். கோட்டை வாசலில் இறங்கியதும் "ஆளுக்கு நூறு" என்கிறார். நாங்கள் மூன்று பேர்! கால் மணி நேரம் கத்தியும் 200 கொடுத்துத்தான் கழன்றோம். அன்றைய சாப்பாட்டுக் காசு போச்சு. ஏறும் முன்பே "எல்லோருக்கும் சேர்த்து" என்று கையைச் சுற்றிக் காட்டிப் பேசிவிடுங்கள்.

கோட்டை 1477-ல் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் காயித்பே கட்டியது. ஏழு அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் நின்ற இடம் இதுதான். 14-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் அது சரிந்துபோக, அந்தக் கற்களையும் கோட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் கடலுக்கடியில். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை, மதில் மேல் நின்று துறைமுகத்தைப் பார்ப்பதுதான் சுகம். ரோமானியர் காலத்தில், சேரர் துறைமுகமான முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் கரையில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் வழியாக இங்கேதான் வந்து சேர்ந்தது. அந்த முசிறி வணிகத்துக்கான 2-ஆம் நூற்றாண்டுக் கடன் பத்திரம் ஒன்று பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் கிடைத்திருக்கிறது. அதன்படி சரக்கில் கால் பங்கு வரி. எங்கள் டாக்ஸிக்காரரே தேவலை.

ஆனால் இந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால், கோட்டையை விட்டுவிட்டு கோம் எல் ஷொகாஃபா போங்கள். 1900-ல் ஒரு கழுதை குழிக்குள் விழ, அடியில் மூன்று அடுக்குக் கல்லறை இருப்பது தெரிந்ததாம். சுற்றுப் படிக்கட்டில் இறங்க இறங்க வெயில் மறந்து ஈரம் ஒட்டுகிறது. நடுவில் உள்ள கிணறு மாதிரியான குழி வழியாகத்தான் பிணத்தைக் கயிற்றில் இறக்கினார்கள். கருவறை போன்ற அறையின் வாசலில் தாடி வைத்த பாம்புகள், தலையில் எகிப்திய கிரீடம், மேலே பாம்புக் கூந்தல் கொண்ட கிரேக்க மெதுசா. உள்ளே எகிப்தியரின் சாவுத் தெய்வமான நாய்த்தலை அனுபிஸ் ரோமானியப் படைவீரன் உடுப்பில் நிற்கிறார்! மூன்று நாட்டுப் பாணியும் ஒரே இடத்தில்.

பக்கத்திலேயே விருந்துக் கூடம். செத்தவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கல் திண்ணையில் சாய்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். நம் படையல் மாதிரிதான், ஆனால் கல்லறைக்குள்ளேயே. சாப்பிட்ட சட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே உடைத்துவிடுவார்களாம். கோம் எல் ஷொகாஃபா என்ற பெயருக்கே ஓட்டுச்சில்லு மேடு என்றுதான் அர்த்தம்.

பாம்பேயின் தூண் பக்கத்தில்தான். ரோமானியத் தளபதி பாம்பேக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, பின்னால் வந்த ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியனுக்காக நட்டது. ஐந்து நிமிஷம் போதும்.

அப்புறம் கப்தா! பூண்டு, பச்சை மிளகாய், சீரகம் போட்டு ஈரலைக் கல்லில் புரட்டி, ரொட்டியில் அடைத்து எலுமிச்சை பிழிகிறார்கள். தெருவோரம் நின்றபடி நான் மட்டும் நாலு. டாக்ஸியில் விட்டதில் பாதிகூட ஆகவில்லை.

திரும்பும்போது மைக்ரோபஸ். கடைசி இருக்கையிலிருந்து முன்னால் இருப்பவர் தோளைத் தட்டிக் காசைக் கொடுத்தோம். கை மாறி ஓட்டுநருக்குப் போய், சில்லறை அதே வழியில் திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.