பையோடு எடுப்பதுதான் வைத்தியம்

அக்கா மகளுக்குப் பித்தக்குழாயில் நீர்க்கட்டி என்றதும் மேலூர் வீட்டில் எல்லாரும் கேட்டது "கேன்சரா?" என்றுதான். இல்லை. பிறவியிலேயே குழாய் ஓரிடத்தில் பையாக உப்பியிருக்கிறது. ஆசியாவில் அதிகம், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு.

வயிற்றுவலி அவளுக்கு விட்டு விட்டு வரும். ஒருமுறை கண் மஞ்சளித்தபோது அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார், மஞ்சள் இறங்கியது. இந்த மஞ்சள் தானாகவே வந்து போகிற ரகம். பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டது. அடுத்த தடவை வலியில் சுருண்டபோதுதான் மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தோம். அப்புறம் எம்.ஆர்.சி.பி., அதாவது பித்தக்குழாயையும் கணையக்குழாயையும் காட்டுகிற எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

பித்தக்குழாயும் கணையக்குழாயும் சிறுகுடல் சுவருக்குள் போய்ச் சேர வேண்டியவை. இவளுக்கு வெளியிலேயே சேர்ந்துவிட்டன. பெரியாறு வாய்க்கால் பாசனக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: மடைக்கு மேலேயே ரெண்டு வாய்க்கால் கலந்துவிட்டால், ஷட்டரை இறக்கியதும் ஒன்றின் தண்ணீர் மற்றதில் ஏறும். அப்படிக் கணையநீர் ஏறி, சுவர் கெட்டு, குழாய் உப்புகிறது என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். 1977-ல் தொதானி என்ற ஜப்பானிய மருத்துவர் இதை ஐந்து வகையாகப் பிரித்தார். இவளுக்கு முதல் வகை, அதுதான் பரவலானது.

மச்சானுக்கு ஆபரேஷன் சின்னதாக முடிந்தால் போதும். "பையை அப்படியே குடலோடு தைச்சுவிட்டா பித்தம் இறங்கிடாதா டாக்டர்?" என்றார். நியாயமான கேள்விதான், அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம். ஆனால் பை உள்ளேயே கிடக்கும். கல் சேரும், கிருமி பிடிக்கும், வருஷங்கள் போனபின் அதன் சுவரிலேயே புற்றுநோய் வரலாம். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். அதனால் இப்போது பையையும் பித்தப்பையையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். பிறகு சிறுகுடலை வெட்டி ஒரு முனையை மேலே இழுத்து, கல்லீரலிலிருந்து வரும் குழாயோடு தைக்கிறார்கள். மறுமுனையைக் கீழே, அதே குடலில் சேர்க்கிறார்கள். மேலே இழுத்த துண்டு நீளமாக இருப்பதால் சாப்பாடு கல்லீரல் பக்கம் ஏறாது. ரூ என்ற சுவிஸ் மருத்துவர் பெயரில் வழங்கும் இணைப்பு இது.

மச்சான் கேட்டுவிட்டு, "சரி, முழுசாவே எடுத்துருங்க" என்றார்.

வயிற்றில் டியூபோடு, வாய்க்கு ஒன்றும் தராத நாட்களில் அவள் பன் பரோட்டா கேட்டு எங்களைப் படுத்தினாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தையல் போட்ட இடம் பின்னால் சுருங்கலாம் என்பதால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தொடரும். குளிர்க்காய்ச்சலோடு கண் மஞ்சளித்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடாமல் நேரே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அக்கா அதைக் காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறாள், முக்கியமாக அம்மா கண்ணில் படுகிற இடத்தில்.