தாலிக்குச் சர்டிபிகேட் கேட்டார்கள்: சாட்ஸ்வர்த் வீடு சின்னம்மா பெயருக்கு வந்த பாடு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருந்த சின்னப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை, வீட்டுப் பத்திரம் அவர் பெயரில். "எல்லாரும் காசு போட்டு வாங்கிய வீடு, பெயர் மட்டும்தான் அவனுது" என்று அவர் கூடப்பிறந்தவர்கள் கிளம்பினார்கள். அதைக்கூடச் சமாளிக்கலாம். இறந்தவர் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகக் கவுண்டரில் பட்டதுதான் இன்னும் எரிகிறது.

மரண அறிவிப்பு ஜே294, உறவினர் பட்டியல் ஜே192, சொத்துப் பட்டியல் ஜே243, எக்ஸிக்யூட்டர் (இறந்தவர் சொத்தைப் பைசல் செய்பவர்) பொறுப்பேற்பு ஜே190 என்ற படிவங்கள் எல்லாம் ஒரே மாலையில் நிரப்பிவிடலாம். மாட்டியது கல்யாணச் சர்டிபிகேட். சின்னம்மாவுக்குக் கோவிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணம் பதியும் அரசு அலுவலகமான ஹோம் அஃபேர்ஸில் பதியவில்லை. நம் பெரியவர்களில் பலருக்கும் இதே கதைதான். "பதிவு இல்லையென்றால் மனைவி இல்லை" என்று கவுண்டர் அம்மா ஃபைலைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

அது தப்பு. 2008இல் டர்பன் உயர் நீதிமன்றம் கோவிந்தர் எதிர் ராகவய்யா வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது: ஒருவனுக்கு ஒருத்தியாக இந்து முறைப்படி மணந்தவள், பதியாவிட்டாலும், 1987ஆம் ஆண்டு உயிலில்லா வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிதான். கவுண்டரில் வாய்ச்சண்டை வேண்டாம். தீர்ப்பை அச்செடுத்து, கடிதத்தோடு கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கிக்கொண்டு, பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் அந்த ஃபைல் மேலே நகர்ந்தது.

சாட்சிக்குத் தாலி கட்டிவைத்த ஐயரோ கல்யாணத்துக்கு வந்தவர்களோ தரும் பிரமாணம், அழைப்பிதழ், மணமேடைப் போட்டோ, மனைவி என்று பெயர் போட்ட மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) காகிதம் எது கிடைத்தாலும் சேருங்கள். பிரமாணத்தில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். பிரமாணம் வாங்க அதிகாரம் உள்ளவர் முன்னால் போட்டால்தான் செல்லும். போலீஸ் ஸ்டேஷனில் போட்டால் காசு கிடையாது.

மனைவி என்று ஒத்துக்கொள்வதில்தான் எல்லாமே இருக்கிறது. பிள்ளை இல்லாதபோது முழுச் சொத்தும் மனைவிக்கு, அண்ணன் தம்பிக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு ஒரு பிள்ளைக்குச் சமமான பங்கு அல்லது 2,50,000 ராண்ட், எது பெரிதோ அது. எக்ஸிக்யூட்டராக நிற்பவர் மனைவி, பிள்ளை, பெற்றோர் என்றால் ஜாமீன் பத்திரமும் வேண்டாம்.

இன்னொரு 2,50,000 இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். மொத்தச் சொத்து அந்த மதிப்பைத் தாண்டினால் முழு நிர்வாகம், இல்லாவிட்டால் சுருக்கு வழி. இன்றைய விலைக்கு வீடு என்றாலே பெரும்பாலும் தாண்டிவிடும். எக்ஸிக்யூட்டர் கட்டணம் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம், வக்கீலிடம் ஒப்படைக்கும் முன்பே பேரம் பேசுங்கள்.

காசு போட்டோம் என்றவர்களுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. இறந்தவர் யாருக்காவது பணம் தர வேண்டுமா என்று கேட்கும் அறிவிப்பு வந்ததும், அதில் தரும் குறைந்தது 30 நாளுக்குள் கோரிக்கையை எக்ஸிக்யூட்டரிடம் எழுத்தில் கொடுக்கலாம். எக்ஸிக்யூட்டர் போட்ட சொத்துக் கணக்கு 21 நாள் பார்வைக்குக் கிடக்கும்போது மாஸ்டரிடம் ஆட்சேபணை போடலாம். ஆனால் "வீட்டை மாற்றித் தருகிறேன் என்று சொன்னான்" என்ற கோரிக்கையும் சட்டத்தில் கடன்தான். அது கேட்க வேண்டிய நாளிலிருந்து 3 வருடத்தில் காலாவதியாகும். தேசாய் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது. இடையில் இறந்தவரே எழுதிக் கையெழுத்திட்டு ஒத்துக்கொண்ட காகிதம் இருந்தால் அந்த 3 வருடக் கணக்கு புதிதாகத் தொடங்கும். எங்கள் குடும்பத்தில் காசு போட்டோம் என்றவர்களிடமிருந்து சத்தம் நிறைய, காகிதம் ஒன்றும் வரவில்லை.

கடைசியாக, பத்திரத்தைப் பெயர் மாற்றத் தேவைப்படும் முனிசிபாலிட்டி கிளியரன்ஸ் (பாக்கி இல்லை என்ற சான்று). பின்கட்டில் யார் தண்ணீர் செலவழித்தாலும் பாக்கியைக் கட்டினால்தான் கிடைக்கும், கிடைத்தது 60 நாள்தான் செல்லும். மற்ற காகிதம் எல்லாம் தயாரான பிறகே வாங்குங்கள். பத்திரத்தில் 'பில்லே', அடையாள அட்டையில் 'பிள்ளை' மாதிரி எழுத்து மாறியிருந்தால் இருவரும் ஒரே ஆள் என்ற பிரமாணத்தை முதலிலேயே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகம் ஃபைலைத் திருப்பி அனுப்பும், அதற்குள் அந்த 60 நாளும் ஓடிவிடும்.