அன்னத்துக்குள் மறைந்த பிரகதீஸ்வரர்

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கங்கைகொண்ட சோழபுரத்து அன்னாபிஷேகத்துக்கு எங்கள் வயல் அரிசி ஒரு மூட்டை தருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். மூட்டையைத் தம்பி முதல் நாளே காட்டுமன்னார்கோயிலிலிருந்து கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். ஐப்பசிப் பௌர்ணமியன்று மதியம் அம்மாவும் நானும் கும்பகோணத்திலிருந்து கிளம்பினோம்.

அணைக்கரைப் பாலத்தில் கார் ஊர்ந்தது. இந்த இடம் வந்தாலே எனக்கு வயிறெரியும். 1836-இல் வெள்ளைக்காரன் இங்கே கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட, அந்தச் சோழபுரத்துக் கோயில் மதிலைத்தான் கல்லுக்காகப் பெயர்த்தான். தடுத்த ஊர்க்காரர்களுக்குத் தண்டனை. பதிலுக்குச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சொன்னவன் அதையும் செய்யவில்லை. அம்மாவிடம் புலம்பினேன். அவள் கொள்ளிடத்தையே பார்த்துக்கொண்டு, "வீராணம் ஏரிக்கு இங்கேருந்துதானேடி தண்ணி போவுது? நம்ம மூட்டையும் இந்தத் தண்ணியில வெளஞ்சதுதான்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். வயிற்றெரிச்சல் என்னவோ தீரவில்லை.

கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. செருப்புப் பார்த்துக்கொள்ள ஐம்பது ரூபாய் கேட்டான் ஒருவன். "சீக்கிரம் உள்ளே விடுறேன்" என்று இன்னொருவன் கூடவே வந்தான். கும்பிடு போட்டு அனுப்பினேன்.

வடக்குப் படியோரம் அடியார் சண்டேசருக்கு ஈசன் தன் கையாலேயே பூச்சுற்றும் சிற்பம். அதன் அடியில் விளக்கேற்ற அம்மா முந்தானையில் நெய்விளக்கு முடிந்துவைத்திருந்தாள். காவலாளி விடவில்லை. "சாமிக்கு விளக்குப் போடக்கூடாதுன்னா இது என்ன மியூசியமா?" என்று சண்டைக்குப் போனாள். அவர் கோபப்படவில்லை. பக்கத்துக் கல்லில் படிந்திருந்த எண்ணெய்க் கறுப்பைக் காட்டினார். பிசுக்கு விபூதியோடு சேர்ந்து மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. "நூறு பேரு ஏத்தினா மூக்கும் முழியும் தெரியாதும்மா." புதுக்கண்ணால் குனிந்து, பூச்சரத்தின் ஒவ்வொரு சுற்றாகப் பார்த்தாள். பிறகு விளக்கைத் திரும்ப முடிந்துகொண்டாள். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் இது, பெருமைதான். ஆனால் அதே சுவரில் காதலர் பெயரைக் கீறிவிட்டுப் போகிறவனை யார் கேட்பது?

வரிசையில் மூன்று மணி நேரம். நெரிசலில் என் வளையல் இரண்டு உடைந்தது. மகாமண்டப இருட்டைத் தாண்டினோம், தீபாராதனை மணி அடித்தது, திரை விலகியது.

பதின்மூன்று அடி லிங்கம் எங்கே? ஒரே வெள்ளை. மல்லிகைப்பூவாய்க் குவிந்த சோறு, மேலே ஆவி. புழுங்கிய காற்றில் வடித்த சோற்று வாசனை, எங்கள் வீட்டு அடுப்படி வாசனை. அப்பனே, உனக்கும் இதுதானா! அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ள மறந்து நின்றாள். "தெரியுதும்மா?" என்றேன். "பருக்கை பருக்கையாத் தெரியுதுடி" என்றாள். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. என்ன கேட்க வந்தேன் என்பதுகூட மறந்துபோயிற்று. போதும் சாமி, எனக்கு இது போதும்.

பிரசாதம் தூக்கில் வாங்கித் திரும்பும்போது மணி பத்து. அணைக்கரையில் பாலம் ஏறுமுன் காரை நிறுத்தச் சொன்னாள் அம்மா. கரையோரம் நின்று ஒரு கைப்பிடிச் சோற்றைத் தண்ணீரில் தூவினாள். "மீனுக்கு" என்றாள். விரலில் ஒட்டியிருந்த நாலு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள்.