பாப்பா தூங்கும் அறைக்கு ஒரு சென்சார்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் அலுவலகக் கட்டிடத்தில் எந்த அறையில் எத்தனை பேர் என்று எண்ணி, அதற்கேற்ப விளக்கையும் ஏசியையும் இயக்குவது என் வேலை. போன மாதம் நான்காவது மாடியில் வேலை பார்க்கும் ஒரு தங்கை வந்தார். கோலார் தங்கவயல்காரர், தமிழில்தான் பேசுவோம்.

"அண்ணா, பால் குடுக்குற ரூம்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை லைட் அணைஞ்சிடுது. பாப்பா கண்ணசர்ற நேரத்துல கையை ஆட்டிக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு."

கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது. அங்கே மாட்டியிருந்தது நான் தேர்ந்தெடுத்த பிஐஆர் சென்சார். உடல் சூடு நகர்ந்தால்தான் அதற்குத் தெரியும். மடியில் குழந்தையோடு அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அதன் கணக்கில் இல்லாத ஆள்.

அந்த அறையில் கேமரா என்ற பேச்சுக்கே இடமில்லை. 64 புள்ளிகளில் வெப்பப் படம் காட்டும் சென்சார் கையில் இருந்தது. முகம் தெரியாதுதான், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் லேசரால் தூரம் அளக்கும் சின்ன சென்சார் ஒன்று வாங்கி, இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டோடு சேர்த்து வாசல் நிலைக்கு மேலே மாட்டினேன். கீழ்நோக்கிய அதன் பார்வையை இரண்டு பாதியாகப் பிரித்துவிடலாம். வெளிப்பாதியில் முதலில் தலை தெரிந்தால் உள்ளே வருகிறார், உள்பாதியில் தெரிந்தால் வெளியே போகிறார். முதல் நாள் கதவையும் ஒரு ஆளாக எண்ணிவிட்டது. கதவு உள்பக்கம் திறப்பதால் சென்சாரை வெளிப்பக்கத்துக்கு மாற்றினேன், சரியானது.

இரண்டு பேர் ஒட்டி நுழைந்தால் ஒருவரை விட்டுவிடும். அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும். அதனால் கார்பன் டை ஆக்சைடு சென்சாரையும் துணைக்கு வைத்தேன். வெளிக்காற்றில் அந்த வாயு 420 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 420 பங்கு) ஒட்டி இருக்கும், மூடிய அறையில் ஆள் இருந்தால் மெல்ல ஏறும். எண்ணிக்கை பூஜ்யம் என்றாலும் காற்றில் அளவு ஏறிக்கொண்டிருந்தால் விளக்கு அணையாது. ஒரு மணி நேரமாக இறங்கிக்கொண்டே இருந்தால் எண்ணிக்கை தானாகப் பூஜ்யமாகும்.

அப்புறம் மேலிடத்திலிருந்து, இந்த அறையை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று அறிக்கை கேட்டார்கள். மற்ற அறைகளுக்குத் தருகிறேன், இதற்குத் தர மாட்டேன் என்று அடித்துச் சொன்னேன். பால் கொடுக்கும் நேரத்துக்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. இப்போது அந்த சென்சார் பெட்டி விளக்குக்கும் ஏசிக்கும் மட்டும்தான் சேதி அனுப்புகிறது, எதையும் சேமிப்பதில்லை. 'இதில் கேமரா இல்லை, மைக் இல்லை' என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.