மாலத்தீவுல மாண்டா பாக்கணும்னா ஓடாம உக்காருங்க

மாலத்தீவுன்னு கூகுள் பண்ணா தண்ணி மேல நிக்கிற வில்லாதான் வரும். அது கிடக்கட்டும், நாங்க போனது மாண்டா திருக்கை பாக்க, அதுவும் தென்மேற்குப் பருவக்காத்து சீசன்ல. அப்பல்லாம் நீரோட்டம் மேற்கிலருந்து கிழக்கா ஓடும், ப்ளாங்க்டன், அதாவது தண்ணில மிதக்குற குட்டிக் குட்டி உயிருங்க, பூரா தீவுக்கூட்டத்தோட கிழக்குப் பக்கம் வந்து சேரும், அதைத் திங்க மாண்டாவும் அங்கயே வந்துடும். அதனால தண்ணி கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கும். பளிங்கு மாதிரி தண்ணியும் வேணும் மாண்டாவும் வேணும்னா ரெண்டுல ஒண்ணுதான்.

டைவ் அடிச்சது ஒரு திலாவுல, அதாவது மேல தலையே காட்டாம தண்ணிக்குள்ளயே நிக்கிற பவளக் குன்று. கைடு முதல்ல குதிச்சு நீரோட்டம் எந்தப் பக்கம்னு பாத்துட்டு வந்தப்புறம்தான் எங்களை இறக்கினாரு. இறங்க இறங்க மூக்கைப் பிடிச்சு ஊதி காதை சரி பண்ணிக்கிட்டே போகணும், பத்து மீட்டர் போனாலே மேல இருக்குறதைவிட ரெண்டு மடங்கு அழுத்தம். சிவப்பு கலர்தான் முதல்ல மங்கும், நீந்த கால்ல மாட்டியிருந்த என் சிவப்பு ஃபின் ஏதோ பழுப்பா தெரிஞ்சுது.

குன்று உச்சியில ஒரு பெரிய பவளப்பாறை, அதுதான் க்ளீனிங் ஸ்டேஷன். விரல் நீள க்ளீனர் ராஸ் மீனுங்க அங்கயே குடியிருக்கும், மாண்டா வந்து நின்னா செவுள் வாய்னு எல்லா இடத்துலயும் பூந்து ஒட்டுண்ணியையும் செத்த தோலையும் தின்னுடும். நாங்க கொஞ்சம் தள்ளி, மணல்ல ஒட்டிப் படுத்துட்டோம். ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல, அப்புறம் ஒண்ணு வந்துச்சு பாருங்க, மூணு மீட்டராவது இருக்கும், தலைக்கு மேலயே வட்டம் போடுது, வயித்துல இருக்குற கறுப்புப் புள்ளியெல்லாம் தெளிவா தெரியுது. அந்தப் புள்ளி ஒவ்வொண்ணுக்கும் வேற வேற, நம்ம கைரேகை மாதிரி, ஆராய்ச்சி பண்றவங்க அதை போட்டோ எடுத்துதான் எது எதுன்னு கண்டுபிடிக்கிறாங்க.

அப்பதான் வேற போட்ல வந்த ஒரு கோஷ்டி, கையில கோப்ரோ கேமரா குச்சியோட நேரா அதை நோக்கி நீந்துச்சு. முடிஞ்சுது, ஒரே இறக்கை அடி, மாண்டா போயே போச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு, மூச்சு விட வாயில மாட்டியிருந்த ரெகுலேட்டரைக் கழட்டித் திட்டணும் போல இருந்துச்சு. பா அடோல்னு ஒரு வளையம் மாதிரியான பவளத் தீவுக்கூட்டம், அங்க ஹனிஃபாரு விரிகுடான்னு ஒண்ணு இருக்கு, சீசன்ல மாண்டா கூட்டம் கூட்டமா இரை தின்ன வரும், அங்க சிலிண்டர் மாட்டி இறங்குற ஸ்கூபாவுக்கே தடை, மேலாப்புல குழாய் வெச்சு நீந்துற ஸ்னார்க்கலிங் மட்டும்தான். டைவரா எனக்கு வருத்தம்தான், ஆனா இந்த கோஷ்டியைப் பாத்தப்புறம் அந்த ரூல் ரொம்ப சரின்னு படுது.

பவளம் எல்லா இடத்துலயும் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். 1998லயும் 2016லயும் கடல் சூடாகி நிறைய வெளுத்துப் போச்சு, உள்ள குடியிருக்குற பாசி வெளிய போனா பவளத்துக்கு சாப்பாடு போடவே ஆள் இல்ல. நாங்க போன திலாவுலயும் மேல் பகுதியில உடைஞ்ச துண்டுங்கதான், நடுநடுவுல புதுசா முளைச்சது தெரிஞ்சுது.

கிளம்புறப்போ டைட்டன் ட்ரிகர் மீன் ஒண்ணு கூட்டுக்குக் காவல் நின்னுட்டு இருந்துச்சு. சுறாவைவிட எனக்கு இதுதான் பயம். அதோட எல்லை கூட்டுலருந்து கூம்பு மாதிரி மேல விரிஞ்சு போகும், அதனால மேல ஏறித் தப்பிக்கப் பாத்தா விடாம துரத்தும், பக்கவாட்டுல விலகணும். கைடு அதே மாதிரி விலகித்தான் போனாரு, அப்படியும் அவர் ஃபின்ல ஒரு கடி வாங்கினாரு, போட்ல ஏறி அந்தப் பல் தடத்தை எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே காட்டிட்டு இருந்தாரு.